காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் காட்டுப்பன்றித் தொல்லை பற்றி எழுதியிருந்தார். இரண்டு ஏக்கர் மரவள்ளியை ஒரே ராத்திரியில் ஏர் பூட்டி உழுதது மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போயினவாம். படிக்கும்போதே வயிறு எரிந்தது. என் அக்கா மகனும் அந்தப் பக்கம்தான் மரவள்ளி போடுகிறான், அதனால் அவர் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தைக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: வனத்துறைக்கு இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியும் ராணுவத் தோட்டாவும் கொடுங்கள், எங்கே பட்டாலும் பன்றி விழ வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எங்கே பட்டாலும் விழ வைக்கிற தோட்டாவை இதுவரை யாரும் செய்யவில்லை.

எனக்கு எழுபத்தைந்து வயது. சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். என் அப்பா அதே எஸ்டேட்டில் துரைக்குத் துப்பாக்கி தூக்குபவர். பதினான்கு வயதிலிருந்து தோட்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே போவேன். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரை இரண்டு ரைஃபிளையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதோடு சரி. அன்று முதல் நான் ஒரு காக்கையைக்கூடக் குறி பார்த்ததில்லை. வேட்டைக்கு ஆள் சேர்க்க இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசு 2025 ஜனவரியில் சட்டசபையில் சொன்னது பலருக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். ஏற்காட்டில் எங்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காப்புக்காடு என்பதால் இந்த உத்தரவால் எங்களுக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. கீழ்நாட்டுக்காரர்களுக்கு உண்டு. விவசாயி தானே சுட்டால் இன்றைக்கும் குற்றம்தான். ஆக, சுடப்போவது சீருடைக்காரர்கள். அவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் எண்களைப் பற்றி. துப்பாக்கி எண்களைப் போல ஆளை ஏமாற்றுபவை வேறில்லை. 12 போர் என்றால் ஒரு ராத்தல் (பவுண்டு) ஈயத்தில் சம எடையில் பன்னிரண்டு உருண்டை உருட்டினால் ஒரு உருண்டை சரியாக நுழைகிற குழல். எண் ஏறினால் குழல் சிறுக்கும். .315 என்பது குழல் விட்டத்தின் அங்குலக் கணக்கு, .375-உம் அப்படித்தான். .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவின் பெயரில் கடைசியில் இருக்கும் 06 அளவே அல்ல, அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்ட 1906-ஆம் வருஷம். போதாதென்று அந்த .30-க்குள் போகும் குண்டின் விட்டம் .308 அங்குலம். டீக்கடையில் உட்கார்ந்து ".375 பெரிசா, 12 பெரிசா" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

எண்ணை விட முக்கியமானது தோட்டாவிலிருந்து பறந்து போகிற குண்டின் எடை. அதை கிரெயின் என்பார்கள். வாற்கோதுமை மணி ஒன்றின் எடையிலிருந்து வந்த அளவு. பதினைந்தரை கிரெயின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். நம் சேலத்து ஆட்களுக்குப் பவுனில் சொன்னால் உடனே பிடிபடும். 150 கிரெயின் குண்டு ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. 180 கிரெயின் ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இஷாப்பூர் தொழிற்சாலை ரைஃபிளில் போடும் .315 தோட்டாவின் 244 கிரெயின் குண்டு இரண்டு பவுனுக்கு ஒன்றிரண்டு குன்றிமணிதான் குறைவு. எங்கள் துரையின் .375-ல் 300 கிரெயின் போட்டால் இரண்டு பவுனைத் தாண்டிப் பத்தொன்பது கிராமுக்கு மேல் வந்துவிடும்.

ஒரே குழலில் 150-ஐயும் போடலாம், 180-ஐயும் போடலாம். இரண்டுக்கும் தடிமன் ஒன்றுதான், நீளத்தில்தான் வித்தியாசம். லேசான குண்டு வேகமாகப் போகும். .30-06-ல் 150 கிரெயின் நொடிக்கு 2,900 அடி போல, 180 கிரெயின் 2,700 அடி போல. வேகமாகப் போவதுதானே நல்லது என்று தோன்றும். எங்கள் துரைக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

1969, ஜூன் மாதம். பலாப்பழம் உதிரும் காலம். நாகலூருக்குக் கீழே ஒரு பலா மரத்தடிக்கு வயசான ஒற்றைப் பன்றி ஒன்று தினமும் வந்துகொண்டிருந்தது. துரை பாறை மேல் உட்கார்ந்தார், நானும் அப்பாவும் பக்கத்தில். அறுபது கஜம் இருக்கும். நிலா வெளிச்சம். பக்கவாட்டில் நின்றது. துரை முன்தோளில் குறி வைத்து .30-06-ல் 150 கிரெயின் போட்டுச் சுட்டார். குண்டு பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது, ஈரச் சாக்கைக் கட்டையால் அடித்த மாதிரி பொத்தென்று. பன்றி பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது.

விடிந்த பிறகுதான் தேடிப் போனோம். ரத்தம் அங்கங்கே சொட்டுச் சொட்டாகத்தான் கிடந்தது. அப்பா முன்னால் குனிந்து தடம் பார்த்துக்கொண்டு போனார், பின்னால் துரை, அவருக்குப் பின்னால் நான். புதருக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. அப்பாவின் இடது கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு திரும்பும்போது துரை மூன்று அடி தூரத்தில் .375-ஐ வைத்து முடித்தார். அப்பாவுக்குப் பதினான்கு தையல். கடைசி வரைக்கும் அவர் மலை ஏறும்போது அந்தக் காலை ஒரு தினுசாக வீசித்தான் வைப்பார்.

அன்று மதியம் தோலை உரித்தபோது ராத்திரி நடந்தது என்னவென்று தெரிந்தது. வயசான ஆண் பன்றிக்கு முன்தோளின் மேல் கேடயம் மாதிரி ஒரு கெட்டியான அடுக்கு இருக்கும். குருத்தெலும்பு போல வெள்ளையாக, கத்தி வழுக்கும். அதில் குண்டு நுழைந்து இரண்டு விரல்கடை போய் உடைந்து சிதறியிருந்தது. செம்பு உறை பூண்டுத் தோல் மாதிரி துண்டு துண்டாகக் கிடந்தது. எலும்பில் கீறல் விழுந்திருந்தது, முறியவில்லை. நுரையீரல் வரை ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு துரை மவுண்ட் ரோட்டுக் கடையிலிருந்து 180 கிரெயினாக வரவழைத்தார். நீள ஆணியும் குட்டை ஆணியும் ஒரே தடிமனில் இருந்தாலும் கட்டையின் அடி வரை எது இறங்கும் என்று தச்சருக்குத் தெரியும். குண்டும் அப்படித்தான், ஒரே தடிமனில் எடை கூடினால் உள்ளே போகும் ஆழம் கூடும். வேகம் சற்றுக் குறைவு என்பதால் பட்ட உடனே சிதறாது. இப்போது முழுக்கச் செம்பிலேயே செய்த குண்டுகள் வந்துவிட்டன, அவற்றில் 150 கூட உடையாமல் போகும் என்கிறார்கள். இருக்கலாம். நான் சொல்வது ஈயத்துக்குச் செம்பு உறை போட்டு மூக்கை மட்டும் திறந்து விட்ட சாதாரண சாஃப்ட் நோஸ் குண்டை.

லேசான குண்டுக்குப் பரிந்து பேசுகிறவர்கள், அது நேராகப் போகும், தாழாது என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு தூரத்தில்? 100 கஜத்துக்குக் குறி சரி செய்துவிட்டு 200 கஜத்தில் சுட்டால் இரண்டு குண்டும் மூன்று நான்கு அங்குலம் தாழும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஓர் அங்குலம் தேறாது. பன்றியின் இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ ஒரு சின்னச் சாப்பாட்டுத் தட்டு அகலம். நம் ஊரில் 200 கஜம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? மேலே சில்வர் ஓக்கும் காபிச் செடியும், கீழே மரவள்ளியும் மக்காச்சோளமும். நாற்பது கஜம், எண்பது கஜம், மிஞ்சிப் போனால் நூற்றைம்பது. வெட்டவெளியில் 400 கஜம் சுடுகிற நாட்டுக்காரன் வேகக் கணக்குப் பார்க்கட்டும். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

அடுத்தது அந்த ராணுவத் தோட்டா. ராணுவத்தின் 7.62 மி.மீ., பழைய .303 எல்லாவற்றிலும் குண்டின் மூக்கு வரை முழு உறை இருக்கும். ஹார்டு என்போம். போரில் விரியும் குண்டு கூடாதென்று 1899-ல் ஹேக் மாநாட்டில் முடிவு செய்தார்கள். அதற்குக் காரணமே நம் நாட்டில் கல்கத்தா பக்கத்து டம் டம் தொழிற்சாலையில் .303-க்கு மூக்கைத் திறந்து விட்டுச் செய்த குண்டுதான். மனிதனைச் சுடக் கூடாதென்ற அந்த விரியும் குண்டுதான் விலங்குக்கு இரக்கமானது. கேட்க வினோதமாக இருக்கும். ஹார்டு குண்டு பன்றியின் வயிற்றில் கோணி ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும், பன்றி இரண்டு கிலோமீட்டர் ஓடி ரெண்டு நாள் கழித்து எவன் கிணற்றிலாவது செத்துக் கிடக்கும். வெளியே போன குண்டும் சும்மா போகாது, பின்னால் நிற்கும் குட்டியில் படும், இல்லை மாட்டுக் கொட்டகையில் படும். விரிகிற குண்டு, அதாவது சாஃப்ட் நோஸ், உள்ளே போய்க் காளான் மாதிரி மலர்ந்து, கையில் உள்ள வேகத்தையெல்லாம் அங்கேயே செலவழித்துவிடும்.

12 போரில் எல்ஜி என்ற பெரிய ஈய உருண்டைத் தோட்டாவைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. கேரளாவில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி கொடுத்து உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுடச் சொல்கிறார்கள், அங்கே போல இங்கேயும் செய்யலாமே என்கிறார்கள். எல்ஜி தோட்டாவில் ஆறு உருண்டை இருக்கும். முப்பது கஜத்துக்குள் ஆறில் நாலு பட்டால் பன்றி விழும். ஐம்பது அறுபது கஜத்தில் ஆறும் ஆறு திசைக்குப் போய், ஒன்று தொடையில் படும், ஒன்று குடலில் படும். இரண்டு வருஷத்துக்கு முன் காபி பறிக்கும் சமயத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே தண்ணீர் வாய்க்காலில் அப்படி ஒன்று படுத்திருந்தது. யார் சுட்டது, எங்கே சுட்டது, தெரியாது. பின்தொடையில் புழு வைத்திருந்தது. இருபது அடி தள்ளி ஆறேழு பெண்கள் கூடை கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கத் தெம்பில்லாததால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைத் தீனிக்குள் வைத்து வாய் சிதறிய பன்றியையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

சரி, அப்படியானால் பெரிய .375-ஐயே கொடுத்துவிடலாமே? இருபது வயதில் துரை ஒரு தடவை அதைக் கையில் கொடுத்து ஒரு மண்ணெண்ணெய் டின்னைச் சுடச் சொன்னார். டின்னில் பட்டது. தோளில் நாவல்பழ நிறத்தில் ஒரு வாரம் தடம் இருந்தது. இரண்டாவது தோட்டாவை ஏற்றினேன், விசையில் விரல் பட்டதுமே கண் தானாக மூடிக்கொண்டது. குண்டு எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. துரை சிரித்துவிட்டு துப்பாக்கியை வாங்கி வைத்தார். பயந்து சுடுகிறவன் கையில் .375-ஐ விட பயப்படாதவன் கையில் .30-06 பத்து மடங்கு மேல். வருஷத்துக்கு நாலு தடவை துப்பாக்கி எடுக்கிற வனக் காவலருக்கு உதைக்கிற ரைஃபிளைக் கொடுத்தால், முதலில் பின்வாங்குவது அவர் தோள்தான்.

எனவே என் யோசனை .315-ல் 244 கிரெயின் சாஃப்ட் நோஸ், அல்லது .30-06-ல் 180 கிரெயின் சாஃப்ட் நோஸ். நூறு கஜத்துக்குள் என்றால் முதலாவதே போதும். அது மெதுவாகப் போகும், கனமான குண்டு, நம் நாட்டிலேயே செய்வது. நூற்றைம்பது வரை போக வேண்டும் என்றால் இரண்டாவது.

அதிகாரிகள் இதை மட்டுமாவது கவனிக்க வேண்டும். ஒரு ரைஃபிளுக்கு ஒரே வகைத் தோட்டாதான். 150-க்குக் குறி சரி செய்த துப்பாக்கியில் 180-ஐப் போட்டால் அதே இடத்தில் படாது. சில துப்பாக்கியில் நூறு கஜத்தில் மூன்று அங்குலம் தள்ளிப் படுவதை அட்டையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கிடைத்த பெட்டியில் கிடைத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு ராத்திரி வயலுக்குப் போவது சரியில்லை. பகலில் ஒரு அட்டையை நட்டு, அன்றைக்குப் போடப் போகும் அதே தோட்டாவில் மூன்று சுட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

எங்கே சுட வேண்டும் என்பதில் துரையும் அப்பாவும் சண்டை போடுவார்கள். துரைக்குத் தோள், அப்பாவுக்குத் தோளுக்குச் சற்றுப் பின்னால். அப்பா சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். பன்றியின் இருதயம் மாட்டுக்கு இருப்பதை விடவும் கீழே, முன்னால் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்கோடு பிடித்து மேலே வந்து, உடம்பில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தால் கேடயத்தின் கெட்டியான பகுதியையும் தவிர்க்கலாம். எதிரே பார்த்து நின்றாலோ, ஓடினாலோ, சுடாமல் இருப்பதுதான் வேலை தெரிந்தவனுக்கு அழகு. அது நாளைக்கும் வரும்.

உட்காரும் இடம் மேலே இருக்க வேண்டும். பாறை, மரத்து மேல் பரண், எதுவானாலும் சரி. மேலிருந்து கீழே சுட்டால் குண்டு மண்ணில்தான் போய் முடியும். சமதரையில் சுட்டுத் தவறினால், குழல் சற்று மேலே தூக்கியிருந்தால், ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல்கூடப் போகலாம். ராத்திரி எங்கள் மலை விளிம்பில் நின்று பார்த்தால் கன்னங்குறிச்சி விளக்கு, கோரிமேடு விளக்கு எல்லாம் எவ்வளவு கிட்டத்தில் மினுக்குகின்றன தெரியுமா? நாற்பது வருஷத்துக்கு முன் இருட்டாக இருந்த இடமெல்லாம் இன்றைக்கு வீடு. சரிவில் சுடும்போது குறியைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும் என்பார்கள், காரணம் குண்டைத் தரை கீழே இழுப்பது சாய்ந்த தூரத்துக்கு அல்ல, கிடைத்தூரத்துக்குத்தான். நாம் சுடும் எண்பது கஜத்தில் அதற்கு ஒரு விரல்கூட வித்தியாசம் வராது. அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். "மாமா, பன்னிதானுங்களே, எதுல அடிச்சா என்னங்க?" என்றான். அவன் கோபம் நியாயம்தான். மரவள்ளி போன வருஷமும் போச்சு, இந்த வருஷமும் போச்சு. ஆனால் அடிபட்டு ஓடிய பன்றி அவன் கொல்லையிலேயே நிற்காது, விடியற்காலையில் பால் கறக்கப் போகிற யாரோ ஒருத்தி எதிரில்தான் நிற்கும் என்று சொன்னேன். பேசாமல் இருந்தான்.

இந்தக் கடிதம் எழுதுவதற்காக வீட்டுப் பரணிலிருந்து அப்பாவின் தகர டப்பாவை எடுத்தேன். அவர் காலைக் கிழித்த பன்றியிலிருந்து எடுத்த 150 கிரெயின் குண்டின் மிச்சமும், அடுத்த வருஷம் அதே பலா மரத்தடியில் நின்ற இடத்திலேயே விழுந்த ஒன்றிலிருந்து எடுத்த 180-உம் அதில் இருக்கின்றன. சென்ற வாரம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுக் கடையில் கொடுத்துத் தராசில் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட பத்து கிராமாக இருந்த முதலாவது இப்போது நாலு கிராம், ஒரு நசுங்கிய பட்டன் மாதிரி. இரண்டாவது பதினொன்றரைக்கு மேல் இருந்தது, இப்போது எட்டு கிராம் நானூறு மில்லி, குடைக்காளான் மாதிரி மலர்ந்து இருக்கிறது. கடைக்காரர் என்ன உலோகம் என்று கேட்டார், சொன்னதும் தராசைத் துடைத்துக்கொண்டார். வனத்துறையில் யாராவது பார்க்க விரும்பினால் உங்கள் சேலம் அலுவலகத்துக்கு இரண்டையும் கொண்டுவந்து காட்டுகிறேன். தபாலில் மட்டும் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்,
நாகலூர், ஏற்காடு.